பழைய வானொலிப் பெட்டியொன்றைப் பழுது பார்த்த வரலாறு

தமிழ் இலக்கிய வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனொருவன் மின்பொறிகளைக் குறித்து எழுதப் புகுதல் அன்பர் சிலர்க்கு வியப்பாகவும், பௌதிக வகுப்பு நண்பர்க்கு நகைப்பாகவும் தோன்றக்கூடும். அவர்கள் நூல்வழிக் கற்றனவற்றை யான் பற்றாசுக் கோலும் ஈயமுமாக, விரல்களைச் சுட்டுக்கொண்டு கற்றவன். ஆதலின் இக்கட்டுரையில் வழுவுளதேல் அறிந்தோர் திருத்துவாராக. வானொலிப் பெட்டி எவ்வாறு தொழிற்படுகிறது என்பதையும், என் பாட்டனாருடைய பெட்டியைச் சென்ற கோடை விடுமுறையிற் செப்பஞ் செய்யப் போய் யான் பட்ட பாட்டையும் ஒருங்கே சொல்லுதல் இதன் நோக்கம்.

இவ்விருப்பம் எனக்குப் பதினான்காம் வயதில் உண்டாயிற்று. மின்கலமும் இன்றி, சுவரிலுள்ள மின்சாரமும் இன்றிப் பேசும் பெட்டியொன்று உண்டு என்று எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் சொன்னபோது யான் நம்பவில்லை. அவர் அன்று மாலையே ஒரு தாளில் நான்கு உறுப்புக்களை வரைந்து கொடுத்தார். கம்பிச் சுருள் ஒன்று, மின்தேக்கி ஒன்று, டையோடு ஒன்று, காதுக்குழல் ஒன்று. இவற்றோடு வான்கம்பியும் மண்கம்பியும் சேர்ந்தால் பெட்டி முற்றிற்று. இதனைப் படிகப் பெட்டி என்பர்.

குழாய் வேலைக்காரர் வெட்டியெறிந்த 75 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டொன்றில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாக ஐம்பது சுற்றுச் சுற்றினேன். பழைய பெட்டியொன்றிலிருந்து கழற்றிய 500 பிக்கோபாரட் திருகு மின்தேக்கியொன்று கடைத்தெருவிற் கிடைத்தது. கடைக்காரர் அதனைக் ‘கேங் கண்டன்சர்’ என்றார். தகடுகள் ஒன்றனுள் ஒன்று புகுந்து வெளிவருமாறு அமைந்த அழகிய பொருள் அது. காண்போர் யாவரும் ஒருமுறையேனும் அதனைத் திருகிப் பாராமல் கீழே வைப்பதில்லை.

இவை தொழிற்படுமாறு கூறுவேன். மின்தேக்கி மின்னைத் தேக்கி வைக்கும். சுருளோ தன்வழி ஓடும் மின்னோட்டம் மாறுதலை எதிர்க்கும். இவ்விரண்டையும் இணைத்தால், மின்னானது ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கும், மீண்டும் முன்னதற்குமாக ஊசலாடும். அவ்வூசலின் வேகம் சுருளின் சுற்றுக்களையும் மின்தேக்கியின் பரப்பையும் பொறுத்தது. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு ஒத்த காலத்தில் உந்துவோர் கைக்கே அது உயர்ந்தெழும். காலம் தப்பி உந்தினால் தடுமாறி நின்றுவிடும். வான்கம்பியில் ஒரே நேரத்தில் பல நிலையங்களின் அலைகள் வந்து மோதுகின்றன. அவற்றுள் எவ்வலை நம் ஊசலின் காலத்தோடு ஒத்ததோ அதுவே பெருகி நிற்கும், ஏனையவை தேய்ந்தொழியும். திருநெல்வேலி வானொலியின் அலை நொடிக்கு 11,97,000 முறை அதிர்வது. இதனையே 1197 கிலோஹெர்ட்ஸ் என்பர். அலையின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். திருகைத் திருப்பி நிலையம் பிடிக்கிறோம் என்று நாம் வழங்குவது, நம் ஊசலை அவ்வெண்ணுக்கு ஒப்ப நிறுத்துவதே. வீணையில் இரு தந்திகளை ஒரே சுருதியிற் கூட்டி ஒன்றை மீட்டினால் மற்றொன்றும் தானே அதிர்வதைக் கண்டோர்க்கு இது விளங்காமற் போகாது.

அற்றேல், பிடித்த அலையைச் செவி கேட்குமோ எனின், கேளாது. நொடிக்குப் பன்னிரண்டு இலட்சம் முறை முன்னும் பின்னும் சமமாக ஆடுவதைக் காதுக்குழலின் தகடு பின்பற்ற இயலாது. பேசுவோர் குரல் அவ்வலையின் உயர்வு தாழ்விலே பொதிந்து கிடக்கிறது. அலையின் ஒரு பாதியை வெட்டி மறுபாதியை மட்டும் விடுவோமானால், அவ்வுயர்வு தாழ்வு மிஞ்சி, தகட்டை அசைத்துக் குரலாகும். இவ்வெட்டும் தொழிலே டையோடுடையது. முற்காலத்தில் கலீனா என்னும் காரீயக் கனிமத்தின்மேல் மெல்லிய கம்பிமுனையை வைத்து, எங்கே வைத்தால் ஒலி வருகிறதென்று துழாவிக்கொண்டிருந்தனர். அக்கனிமத்தால் மின்னலைகளை உணரலாம் என்று காட்டி, 1901 இல் விண்ணப்பித்து 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீச சந்திர போஸ் ஆவர்.

இவ்விடத்தில் என் அறியாமையொன்றைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. டையோடு எல்லாம் ஒன்றே என்றெண்ணி, மலிவாகக் கிடைத்த சிலிக்கன் டையோடொன்றை வைத்துப் பதினைந்து நாள் காத்திருந்தேன். கரகரப்புக்கூட இல்லை. வான்கம்பியை மாற்றினேன், சுருளை அவிழ்த்துச் சுற்றினேன், ஆசிரியர்மேல் மனத்தினுள் குறைகூறவும் செய்தேன். சிலிக்கன் டையோடு ஏறத்தாழ 0.6 வோல்ட் அழுத்தம் வந்தாலன்றி வாயில் திறவாது என்பதும், ஜெர்மேனியம் டையோடு 0.2 அல்லது 0.3 வோல்ட்டிலேயே திறந்துவிடும் என்பதும், என் வான்கம்பி தருவது அதனினும் மிகச் சிறிது என்பதும் பின்னரே தெரியவந்தன. ஜெர்மேனியம் டையோடு தேடிப் பெறுதற்கு மேலும் ஒரு திங்கள் சென்றது. அதனை வைத்த அன்றிரவு, மாடியிலிருந்து தென்னைக்குக் கட்டிய கம்பியும், அடிபம்பின் இரும்புக் குழாயிற் சுற்றிய மண்கம்பியுமாக இருட்டில் அமர்ந்திருந்த என் செவியில், கொசுவின் குரலளவாக, ஒருவர் நாளைய வானிலையைப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வொலிக்கு வேண்டிய ஆற்றல் முழுவதும் நிலையத்தின் கோபுரத்திலிருந்தே காற்றுவெளி வழியாக வந்தது. வேறெவரும் ஒரு துளியும் தரவில்லை. அன்று தொடங்கியது இப்பித்து இன்னும் தணியவில்லை.

நிற்க. இந்நாட்டில் வானொலியைத் தொடங்கி வைத்தவர்களும் பெரும்பாலும் இத்தகைய பித்துக்கொண்டவர்களே என்பதை நண்பர்கள் அறிதல் நன்று. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் 1924 இல் சென்னை மாகாண ரேடியோ சங்கத்தைக் கண்டு, அவ்வாண்டிலேயே ஒலிபரப்பும் தொடங்கினர். பொருள்முட்டுப்பாட்டால் 1927 இல் அது நின்றது. அவர்களுடைய கருவிகளைச் சென்னை நகரசபை ஏற்று 1930 முதல் ஒலிபரப்பி வந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 இலும் பிறந்தன. கைப்பணம் போட்டு, பொழுதுபோக்காகச் செய்தவர்கள் முன்னே நடக்க, அரசு பின்னே வந்தது என்பது இவ்வரலாற்றிற் காணக்கிடக்கிறது.

தமிழ் மாணவனாதலின் சொற்களைப் பற்றியும் சிறிது கூற விழைகின்றேன். வானொலி என்பதை வானின்கண் ஒலி என விரித்தால் ஏழாம் வேற்றுமைத் தொகையாம். ஆயின் வானில் ஒலி ஏதும் செல்வதில்லை. செல்வது மின்காந்த அலை. ஒலி பெட்டியினுள்ளே பிறக்கிறது. எனவே அறிவியலார் கண்ணுக்கு இச்சொல் வழுவுடையது. எனினும் இதனை மாற்ற எவரும் உடன்படார், யானும் உடன்படேன். ‘மின்தடை’ என்பதோ பெருந்தொல்லை தருவது. பாடநூலில் அது மின்னோட்டத்தைத் தடுக்கும் பண்பு; செய்தித்தாளில் அது மாலை ஆறு மணிக்கு விளக்கு அணைதல். டிரான்சிஸ்டர் என்பது ஆடகக் கடுகளவான ஓர் உறுப்பின் பெயர். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரில் அது பிறந்தது. 1954 இல் நான்கு டிரான்சிஸ்டர்களைக் கொண்டு, ரீஜென்ஸி டி.ஆர்.1 என்னும் சட்டைப்பை வானொலி 49.95 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நம் ஊர்களில் அவ்வகைப் பெட்டிகள் பரவியபோது மக்கள் பெட்டி முழுவதையுமே டிரான்சிஸ்டர் என்றழைத்தனர். ‘தோளில் டிரான்சிஸ்டர் மாட்டிக்கொண்டு போனான்’ என்பது வெற்றிலை நட்டான் என்பது போன்ற சினையாகுபெயரே. இலக்கணம் கல்லாத மக்கள் இலக்கணம் பிழையாமல் பெயரிட்ட இடம் இது. மின்தேக்கி என்று யான் ரிச்சி தெருக் கடையொன்றிற் கேட்டபோது கடைக்காரர் பரிவோடு என் முகத்தை நோக்கி, “கண்டன்சர்தானே தம்பி?” என்றார்.

இனி என் பாட்டனார் பெட்டிக்கு வருவோம். அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். 1966 இல், திருமணமான இரண்டாம் ஆண்டில், தவணை முறையில் அதனை வாங்கினாராம். அக்காலத்தில் வானொலி வைத்திருப்போர் அஞ்சல் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் புதுப்பித்தல் வேண்டும். 1980 களில் அம்முறை ஒழிந்தது. தலை ஒட்டிய அச்சிறு புத்தகம் இன்றும் எங்கள் பீரோவில் உள்ளது. தேக்குமரக் கூடு, பொன்னிறத் துணி போர்த்த முகம், விளக்கு எரியும் கண்ணாடி, அதன் கீழ் எலுமிச்சம்பழம் அளவில் இரண்டு திருகுகள். கொழும்பிலிருந்து வந்த தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்க மாலைதோறும் தெருவே எங்கள் திண்ணையில் அமர்ந்திருக்கும் என்று பாட்டியார் சொல்லுவார். தொலைக்காட்சி வந்த பின்னர் அது மூலையில் நின்றது. பின்னர் அதன்மேல் தையற்பொறியின் மூடி ஏறியது.

அதனை மீட்க வேண்டிய காரணம் பழமைப் பற்றன்று. கண்ணழுத்த நோயால் பாட்டனார்க்குச் சென்ற ஈராண்டில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. நாள்தோறும் இரண்டு செய்தித்தாள் படித்தவர் திண்ணையில் சும்மா அமர்ந்திருந்தார். என் தந்தையார் சிறிய வானொலி ஒன்று வாங்கிக் கொடுத்தார். விலை சில நூறு ரூபாய். தீக்குச்சிப் பெட்டிகள் நான்கினை அடுக்கிய அளவு. ஒரேயொரு சில்லில் எல்லா வேலையும் அடக்கம். உண்மையைச் சொன்னால், நிலையங்களைப் பிரித்தெடுக்கும் திறனில் அது பழைய பெட்டிக்குச் சிறிதும் இளைத்ததன்று. ஆனால் அதில் அரிசியளவான பதினெட்டுப் பொத்தான்கள் உள. ஒன்றை இருமுறை அழுத்தினால் ஒரு பொருள். நீள அழுத்தினால் வேறொரு பொருள். எவ்வாறு அழுத்தினார் என்பது சிறு திரையில் எண்ணாகத் தோன்றும். கண் காணாதவர்க்கு அதனால் யாது பயன்? கைப்பேசியும் தன் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கவல்லது. பார்வையற்ற இளைஞர் பலர் அதனைத் திறமையாகக் கையாளுகின்றனர் என்பதை யான் அறிவேன். எண்பத்தைந்து வயதில், நடுங்கும் விரலால், வழவழப்பான கண்ணாடியின்மேல் அதனைப் புதிதாகக் கற்க என் பாட்டனாரால் இயலவில்லை. மூன்று நாள் முயன்றுவிட்டுக் கைப்பேசியை என் கையிற் கொடுத்துவிட்டார். அப்போது அவர் சொன்னது: “அந்தப் பழைய செட்டு இருந்தா, இடப்பக்கக் கடைசியிலிருந்து ஒண்ணரைச் சுத்து. திருநெல்வேலி வந்துடும்.”

பெட்டியின் பின்பலகையைக் கழற்றியபோது யான் கண்டது இரண்டு. ஒன்று, பல்லியின் முட்டையோடு. மற்றொன்று, பலகையின் உட்புறத்தில் ஒட்டப்பெற்ற, பழுத்துப்போன தாளில் அப்பெட்டியின் மின்சுற்றுப் படம் முழுவதும்! எவ்வுறுப்பு எவ்வளவு, எவ்விடத்தில் எத்தனை வோல்ட் இருத்தல் வேண்டும் என்பனவெல்லாம் அதில் அச்சிடப்பட்டிருந்தன. செய்தவர்கள் தம் பொருளை ஒருநாள் வேறொருவன் திறப்பான் என்று எதிர்பார்த்தே அதனை ஒட்டியிருக்கின்றனர்.

உள்ளே ஐந்து வெற்றிடக் குழல்கள் இருந்தன: ஈ.சி.எச்.81, ஈ.எஃப்.89, ஈ.பி.சி.81, ஈ.எல்.84, ஈ.இஸட்.80. இவை வெறும் எண்கள் என்றே முதலில் எண்ணினேன். பின்னர்ப் பார்த்தால், இவற்றைப் பகுபதம் போலப் பிரிக்கலாம் என்பது புலனாயிற்று. முதலில் நிற்கும் ‘ஈ’ என்பது, குழலின் இழை 6.3 வோல்ட்டிற் சூடேறும் என்று குறிப்பது. ‘சி’ மும்முனைக் குழல். ‘எஃப்’ ஐம்முனைக் குழல். ‘எல்’ ஒலிபெருக்கியை இயக்கவல்ல ஆற்றல்மிக்க ஐம்முனைக் குழல். ‘பி’ இரட்டை டையோடு. ‘இஸட்’ மாறுமின்னோட்டத்தின் இரு பாதிகளையும் ஒருவழிப்படுத்தும் குழல். ‘எச்’ ஆறு அல்லது ஏழு முனைகளைக் கொண்டது. அடுத்து வரும் எட்டு என்னும் எண், ஒன்பது ஊசிக் கால்களையுடைய அடியைக் குறிக்கும். இறுதி எண் வரிசையைக் காட்டும். ஆகவே ஈ.பி.சி.81 என்றால், 6.3 வோல்ட் இழையும், ஒரே கண்ணாடிக் கூட்டினுள் இரட்டை டையோடும் மும்முனைக் குழலும், ஒன்பது காலும் உடையது என்று பெயரைக் கொண்டே பொருள் கொள்ளலாம். நன்னூற் பகுபத உறுப்பிலக்கணத்தைப் பரீட்சைக்காக உருப்போட்டுக்கொண்டிருந்த அவ்வாண்டில் இதனைக் கண்டு யான் அடைந்த மகிழ்ச்சி பெரிது.

இவ்வைந்தும் செய்யும் தொழிலைச் சுருங்கச் சொல்லுகின்றேன். படிகப் பெட்டி நிலையத்தின் அலையை அப்படியே வெட்டிக் காதுக்குத் தருவது. இப்பெட்டியோ, முதற்குழலில் தானே ஓர் அலையை உண்டாக்கி, வந்த அலையோடு கலந்துவிடும். 1197 வந்தால் தான் 1652 அதிரும். இரண்டிற்கும் வேறுபாடு 455. வேறொரு நிலையம் 720 இல் வந்தால் தான் 1175 அதிரும். அப்போதும் வேறுபாடு 455. எந்நிலையத்தைப் பிடிப்பினும் எஞ்சுவது ஒரே எண்ணாதலின், அவ்வொன்றிற்கு மட்டும் நுட்பமாகச் சுருதி கூட்டிய சுருள்களை அடுத்து நிறுத்தி நன்கு பெருக்கலாம். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கர் 1918 இல் கண்ட உபாயம் இது. என் தந்தையார் வாங்கிய சிறு வானொலியும் ஒருவகையில் இவ்வுபாயத்தின் வழித்தோன்றலே.

பழைய பெட்டியிற் கை வைக்கப் புகுவோர் முதலில் அறிய வேண்டுவது அதன் கொடுமை. உள்ளே 250 வோல்ட் நேர்மின்னழுத்தம் உலவும்; செருகியைப் பிடுங்கிய பின்னரும் பெரிய மின்தேக்கிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். இதனை நூலிற் படித்திருந்தும் யான் மறந்தேன். செருகியைப் பிடுங்கிவிட்டோமே என்ற துணிவில் விரலை வைத்தேன். அடுத்த நொடி சுவரோரம் கிடந்தேன். முழங்கையில் இரத்தம் கட்டிய இடம் பத்து நாள் வலித்தது. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நாற்பதாண்டு வானொலி பழுது பார்த்த முதியவர் ஒருவர் உளர். அவர் என்னை வைது தீர்த்துவிட்டு, இரண்டு விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். தொடுமுன் மின்தேக்கியை ஒரு தடையின் வழியே வெறுமையாக்கி, மீட்டரால் அளந்து பார்த்தல் வேண்டும். பெட்டி உயிரோடிருக்கையில் வலக்கை மட்டுமே வேலை செய்ய, இடக்கை சட்டைப்பையில் இருத்தல் வேண்டும். இரு கையும் தொட்டால் மின்னோட்டம் நெஞ்சின் குறுக்கே பாயும். நெடுநாள் உறங்கிய பெட்டிக்கு நேரே மின்சாரம் கொடாமல், 100 வாட் இழை விளக்கொன்றைத் தொடரில் இணைத்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் விளக்கு முழுவதும் எரிந்து நம்மை எச்சரிக்கும், பெட்டி பிழைக்கும். அவ்விழை விளக்கினைத் தேடி மூன்று கடை அலைந்தேன் என்பது வேறு செய்தி.

முதல்முறை உயிர்கொடுத்தபோது தேனடையைக் கலைத்தாற்போன்ற இரைச்சல் எழுந்தது. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாக ஆடுவது. இரு பாதிகளையும் ஒருவழிப்படுத்தினால் நூறு மேடு பள்ளமாகும். அவற்றை நிரவிச் சமமாக்கும் மின்தேக்கிகள் உள்ளே உலர்ந்துவிட்டன. 47 மைக்ரோபாரட், 450 வோல்ட் மின்தேக்கிகள் இரண்டினை மாற்றவே இரைச்சல் அடங்கிற்று. குரல் வந்தது, ஆயினும் தொண்டை கட்டியவர் பேசுவது போலிருந்தது. இறுதிக் குழலாகிய ஈ.எல்.84 இன் எதிர்முனையில் ஏழு வோல்ட் இருத்தல் வேண்டுமென்று பலகைத் தாள் கூறியது. மீட்டர் பதினொன்று காட்டியது. குழல் அளவுக்கு மீறி உழைத்து வெந்துகொண்டிருந்தது. இருநாள் யான் குழலையே ஐயுற்றேன். முதியவரோ தாளைப் பார்த்து, அக்குழலின் வாயிலில் நிற்கும் சிறிய காகித மின்தேக்கியைச் சுட்டினார். குரலை மட்டும் விட்டு உயரழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது அதன் கடன். ஐம்பதாண்டில் அதன் காகிதம் ஈரமேறிக் கசியத் தொடங்கிற்று. சில ரூபாய் விலையுள்ள புதியது ஒன்றை வைத்ததும் ஏழு வோல்ட்டுக்கு முள் இறங்கியது. தாள் இல்லையேல் யான் நல்ல குழலைத் தூக்கியெறிந்திருப்பேன்.

அதே கோடையில் என் தம்பியின் காதணி ஒலிப்பான் கெட்டது. கம்பியின்றிக் காதிற் செருகும் அவ்வகைப் பொருள் இக்காலத்து மாணவர் பலரிடமும் உண்டு. பதினெட்டுத் திங்களில் அதன் வலப்பக்கம் இருபது நிமிடத்திற்குமேல் உயிர் தாங்கவில்லை. உள்ளிருக்கும் கடலைப்பருப்பளவான லித்தியம் மின்கலம் தளர்ந்தது என்பது தெளிவு. அதனை மாற்றலாமென்று திறக்க முயன்றேன். ஆணியில்லை, இணைப்புமில்லை, பசையிட்டு ஒட்டியிருந்தனர். கத்தி முனையால் நெம்பியபோது கூடு பிளந்தது. உள்ளிருந்த மெல்லிய நாடாவும் அறுந்தது. தம்பி ஒருவாரம் என்னோடு பேசவில்லை. பெருமை பேசிய எனக்கு அது வேண்டியதே.

இவ்வாறு சிறிய பொருளை ஒட்டாமற் செய்தல் இயலாது என்றும், வியர்வையும் நீரும் புகாதிருக்க ஒட்டுதல் இன்றியமையாதது என்றும் சிலர் வாதிப்பர். அதில் உண்மை சிறிதுண்டு. எனினும் ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய மின்கலச் சட்டம், கையடக்கக் கருவிகளிலுள்ள மின்கலத்தைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றுமாறு அமைத்தலை, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 முதற்கொண்டு கட்டாயமாக்குகிறது. இந்திய அரசும் பழுதுபார்க்கும் உரிமையைக் குறித்து ஆராய 2022 இல் ஒரு குழுவினை அமைத்தது. இயலாத ஒன்றையா சட்டமாக்குவர்? பழையன எல்லாம் நல்லன என்பது என் கருத்தன்று. பாட்டனார் பெட்டி ஐம்பது வாட் குடிக்கிறது. சூடேற அரை நிமிடம் ஆகிறது. குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்கத்தகாதது. புதிய சிறு வானொலி இவ்வகையிலெல்லாம் மேலானது. யான் வேண்டுவன மூன்றே: ஆணி, படம், கைக்கு அகப்படும் திருகு.

பெட்டியைத் திண்ணையில் வைத்து மாலையில் முடுக்கினோம். கண்ணாடியில் விளக்கு எரிந்தது. பாட்டியார் வந்து எட்டிப் பார்த்தார். பாட்டனார் துழாவித் திருகைப் பற்றி, இடக்கடைசிக்குத் திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் திருப்பினார். நிலையம் இருந்தது. ஆனால் அதன்மேல் ‘சோ’வென்ற ஓயாத இரைச்சல் மூடியிருந்தது, பேசுவோர் சொற்களில் மூன்றிலொன்றே விளங்கிற்று. பாட்டனார் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஏலே, வெளியே மழை பெய்யுதா?” என்றார்.

மழையில்லை. மின்தேக்கி, குழல், மண்கம்பி என ஒவ்வொன்றாகச் சோதித்தேன், குறை காணவில்லை. மூன்றாம் நாள் மாலை ஊர் முழுவதும் மின்சாரம் நின்றது. பழைய பெட்டியும் அணைந்தது. மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலியைச் சும்மா எடுத்து மத்திய அலையிற் போட்டேன். திருநெல்வேலி பளிங்குபோற் கேட்டது! மின்சாரம் திரும்பிய அந்நொடியே அதிலும் ‘சோ’வென்ற இரைச்சல் வந்து கவிந்தது. குறை பெட்டியில் இல்லை, வீட்டிலே உள்ளது என்பது அப்போது விளங்கிற்று. இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளும், கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறு கட்டைகளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டியே குறைந்த அழுத்தமாக்குகின்றன. வெட்டும்போதெல்லாம் சிறு அலைகள் சிதறி, கம்பிகளையே வான்கம்பியாகக் கொண்டு, மத்திய அலை முழுவதையும் நிரப்புகின்றன. இவற்றை வடித்து நிறுத்தும் உறுப்புக்களை நல்ல உற்பத்தியாளர் உள்ளே வைப்பர். விலை குறைக்க விரும்புவோர் விட்டுவிடுவர். 1966 இல் எங்கள் தெருவில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை.

சிறு வானொலியைக் கையிலேந்தி அறை அறையாகச் சென்றேன். தம்பி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வந்தான். முன்னறை விளக்கால் குற்றமில்லை. குளிர்ப்பெட்டியாலும் இல்லை. கூடத்து எல்.இ.டி. விளக்கை அணைத்தபோது சற்றே குறைந்தது. திண்ணைக்கு அடுத்த அறையில், சன்னலோரச் செருகியை அணைத்ததும் இரைச்சல் அறவே நின்றது. அதிற் செருகியிருந்தது கல்லூரி விடுதிக்கு வெளியே நடைபாதையில் நூறு ரூபாய்க்கு யான் வாங்கிய மின்னேற்றி. விடுமுறைக்கு வந்த நாள்தொட்டு, கைப்பேசி இருப்பினும் இல்லாவிடினும், இரவும் பகலும் அது அங்கேயே இருந்தது.

திண்ணையிலிருந்து பாட்டனார் குரல் கேட்டது.

“மழை விட்டுட்டு.”

செருகியைப் பிடுங்கிப் பெட்டியினுள் வைத்தேன். அன்று வேளாண் செய்தி முடிந்து நாகசுரம் தொடங்கியிருந்தது.